அடியில் தங்கிய வெள்ளை

கங்காணி இருளாயிக்கு வைத்த பெயர் 'ஏன்காரி'. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்து வயதிலேயே புல்வெட்டுக்குப் போனவள் அவள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் நடப்பார்கள். இவள் மட்டும் பின்தங்கி எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். மழை பெய்த மறுநாள் மரத்துப் பால் ஏன் நீர்த்துப் போகிறது? பாலில் காடி ஊற்றினால் ஏன் தயிர் மாதிரி திரண்டுகொள்கிறது? காடிக்குப் பதில் புளித்தண்ணி ஊற்றினால் திரளுமா?

"உனக்கு எதுக்கு புள்ள அதெல்லாம்? வாளியத் தூக்கு" என்பார் கங்காணி.

வாளியைத் தூக்குவாள். ஆனால் மறுவாரமே ஒரு சிரட்டையில் பாலையும் இன்னொரு சிரட்டையில் புளித்தண்ணியையும் வைத்துக்கொண்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் பாதிப் பேரைக் குறைத்தார்கள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். புருஷன் பத்துமலை பேச்சு குறைந்த மனுஷன், மாடு பழக்குவதில் கெட்டிக்காரன். இரண்டு பேரும் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட் சுண்ணாம்பு மலையடியில் ஒரு பலகை வீட்டில் குடியேறினார்கள். பத்துமலைக்கு மாட்டுவண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. இருளாயிக்குக் கிந்தா ஆற்றோரம் பழைய டவுனில் ஒரு மருந்துக் கடையில் போத்தல் கழுவும் வேலை.

கடைக்காரர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்து மனுஷர். அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரசராக இருந்து, பிறகு சொந்தமாக மருந்துக் கடை வைத்தவர். எல்லாரும் அவரை 'டிரசர் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாத காற்சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. மருந்து கலக்கும்போது பக்கத்தில் யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. அவர் மட்டும் வாய்விட்டுப் பேசிக்கொள்வார். அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுக்கும்போது அதன் லேபிளை ஒருதரம் உரக்கப் படிப்பார், ஊற்றும்போது இன்னொரு தரம், திரும்ப வைக்கும்போது மூன்றாம் தரம்.

முதல் மாதத்திலேயே இருளாயி கேட்டுவிட்டாள். "எதுக்குங்கையா மூணு தடவ?"

"முதல்தரம் கண் பிழை விடும். ரெண்டாந்தரம் கை பிழை விடும். மூண்டாந்தரம் படிக்கேக்க எண்டாலும் பிழை பிடிபடோணும். விளங்குதோ?"

விளங்கியது. தோட்டத்தில் யாரும் அவளுடைய கேள்விக்கு இப்படி நேராகப் பதில் சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்தக் கடை அவளுக்குப் பிடித்துப்போனது.

கடையின் பின்கட்டில் ஒரு குழாயும் வெந்நீர் அடுப்பும் இருந்தன. ஆட்கள் குடித்துவிட்டுத் திருப்பித் தருகிற போத்தல்கள் கூடை கூடையாக அங்கே வந்து சேரும். சாம்பல் போட்டுத் தேய்த்து, மணல் போட்டுக் குலுக்கி, வெந்நீரில் மூன்று முறை அலசி, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். கார்த்திகேசு ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்து முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவார். ஒரு நூல் அளவு அழுக்கு இருந்தாலும் கூடை முழுவதும் திரும்பி வரும்.

மற்றவர்களுக்கு அது அலுத்துப்போகிற வேலை. இருளாயிக்கு அப்படி இல்லை. குடித்து முடித்த போத்தல் ஒவ்வொன்றும் எதையோ சொல்லிக்கொண்டு வருவதாக அவளுக்குப் பட்டது. இருமல் மருந்துப் போத்தலின் கழுத்தில் எறும்பு செத்துக் கிடந்தால், அந்த வீட்டில் தக்கையைத் தொலைத்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் நடுவில் விளக்குக்குப் புழங்கியிருக்கிறார்கள்; அதை எத்தனை முறை கழுவினாலும் அவள் உள்ளே அனுப்ப மாட்டாள், உடைத்துக் குழியில் போட்டுவிடுவாள். போத்தலின் பக்கவாட்டில் கோடு வெட்டிய காகிதப் பட்டி ஒட்டியிருக்கும். வேளைக்கு ஒரு கோடு மருந்து. எட்டுக் கோட்டில் இரண்டு கோடு மிச்சத்தோடு வந்தால், காய்ச்சல் விட்டதும் கசப்புக்குப் பயந்து நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். மருந்து கடையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பது டிரசர் ஐயாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது குவினைன் தண்ணி, மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்து. உள்ளே பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால், மேல் விளிம்பில் மெல்லிய நீலம் ஒன்று மின்னும், ஆகாயத்தில் ஒரு துளி விழுந்து கரைந்த மாதிரி.

"ஏங்கையா நீலமா தெரியுது?"

"அது குவினைன்ட குணம்."

"அந்தக் குணம் ஏன் வந்துச்சு?"

கார்த்திகேசு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார். அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு இன்னும் பிடித்தது.

இருபத்தாறாம் வருஷக் கடைசியில் வெள்ளம் வந்தது. நாள் கணக்கில் மழை விடவில்லை. ஆறு பொங்கிப் பழைய டவுனுக்குள் ஏறி, கடைக்குள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு இருளாயியும் பத்துமலையும் போய்ப் பார்த்தபோது, தரையெல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் சேறு. கீழ்த்தட்டில் இருந்த போத்தல்களின் லேபிள்கள் ஊறிக் கழன்று மிதந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. கார்த்திகேசுவுக்கே அப்போது காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றபடி, எதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊறிப்போயிருந்த மர அலமாரியின் கால் ஒன்று, அவர்கள் நகர்த்தும்போது மடிந்தது. நாலைந்து போத்தல்கள் விழுந்து உடைந்தன.

கண்ணாடிச் சில்லையெல்லாம் கோணிச்சாக்கால் கூட்டி அள்ளியது இருளாயிதான். அள்ளி முடித்தபோது சாக்கின் ஒரு மூலை கறுத்துப்போய், தொட்டால் பொடியாக உதிர்ந்தது. நெருப்பே இல்லாமல் எப்படிக் கருகியது என்று ஒரு கணம் பார்த்தாள். கேட்கலாம் என்று திரும்பினாள். டிரசர் ஐயா நடுங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சாக்கைச் சேற்றுக் குவியலில் வீசிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

வெள்ளத்துக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. தேங்கின தண்ணீரெல்லாம் கொசு. ஜனவரி பிறந்ததிலிருந்து கடையில் கூட்டம் குறையவில்லை. கார்த்திகேசு எழுந்து உட்கார முடிந்த அன்றே கடையைத் திறந்து, லேபிள் போன போத்தல்களுக்குப் புது லேபிள் எழுதி ஒட்டி, குவினைன் கலக்க ஆரம்பித்துவிட்டார். பத்துமலையின் வண்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் பத்து காஜா ரோட்டில் இருந்த ஒரு சின்னத் தோட்டத்துக்கு அரிசி, கருவாடு ஏற்றிப் போகும். ஆத்துமேட்டுத் தோட்டம் என்பார்கள். அங்கே மருந்துக் கொட்டகை கிடையாது. அதனால் வண்டியிலேயே குவினைன் போத்தல்களும் போகும், காலிப் போத்தல்கள் திரும்பி வரும்.

அந்தக் காலிப் போத்தல்களைக் கழுவும்போதுதான் இருளாயி முதன்முதலாக அதைப் பார்த்தாள். அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைப் படிவு. விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். கசப்பு நெற்றி வரைக்கும் ஏறியது. வெறும் அழுக்கு இப்படிக் கசக்காது. இது மருந்தேதான். ஐந்து வருஷத்தில் குவினைன் போத்தலில் இப்படி ஒரு படிவை அவள் பார்த்ததில்லை.

அதில் இன்னொரு விசித்திரம். எல்லாப் போத்தலிலும் அது இல்லை. ஒரே கூடையில் வந்த பதினொன்றில் எட்டில் படிவு இருந்தது, மூன்று சுத்தமாக இருந்தன.

"ஐயா, குவினைன் போத்தல்ல அடியில வெள்ளையா தங்குது."

"புதுச் சரக்கு. தூள் கொஞ்சம் பெரிசு" என்றார் கார்த்திகேசு, நிமிராமலே. வாசலில் இருபது பேர் நின்றார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஆத்துமேட்டிலிருந்து ஐயாவு என்கிற ஆள் ரயிலேறி வந்து கடை முன்னால் நின்றார். சட்டை வேர்த்திருந்தது. குரல் உடைந்திருந்தது.

"டிரசர் ஐயா, உங்க மருந்தக் குடிச்சு என் பொஞ்சாதிக்குக் காது போச்சு. கண்ணும் மங்கலா இருக்குங்குது. குடிச்சதெல்லாம் வாந்தி. எழுந்து நின்னா விழுந்துடுது. என்னாத்தக் குடுத்தீங்க?"

கார்த்திகேசுவின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் மாறவில்லை. "ஒரு கோடு குடிக்கச் சொன்னால் நாலு கோடு குடிச்சிருப்பா. குவினைன் கூடிப்போனால் காது இரையும். மருந்தை நிப்பாட்டுங்கோ. நிறையத் தண்ணி குடுங்கோ. பத்து காஜா ஆஸ்பத்திரியில கொண்டுபோய்க் காட்டுங்கோ, செலவு நான் பாக்கிறன்."

"ஒரு கோடுதான் ஐயா குடிச்சா! நான் பக்கத்துலதானே இருந்தேன்!"

அந்த ஒரு சொல் பின்கட்டில் இருந்த இருளாயியின் காதில் விழுந்தது. ஒரு கோடு குடித்துக் காது போகுமா? அப்படியென்றால் எந்த ஒரு கோடு?

மறுநாள் அவள் பத்துமலையோடு வண்டியில் ஏறினாள். "நீ எங்க வாரே?" என்றான் அவன். "பாக்க" என்றாள். அவன் அரிசி மூட்டையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான்.

ஐயாவுவின் மனைவி காளியம்மா லயத்து அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். மெல்லச் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்களாம்.

"சத்தமாப் பேசு தங்கச்சி! காதுக்குள்ள வண்டு கத்துது!"

இருளாயி அவள் காதருகே குனிந்து கத்தினாள். "மருந்த எப்படிக் குடிச்சீங்க அக்கா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க!"

காளியம்மா சொன்னாள். வெள்ளம் வடிந்த பிறகு டவுனிலிருந்து ஆட்கள் வந்து, கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், கலங்கலைத் தெளியவைத்து மேலே உள்ளதை மட்டும் எடுத்துக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லயமே அதைக் கைக்கொண்டது. பிறகு மருந்து வந்தது. அதுவும் கலங்கலாக இருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் வைத்து, அடி கலங்காமல் மேலே தெளிந்ததை மட்டும் கோடு கோடாகச் சாய்த்துக் குடித்தார்கள். காய்ச்சல் விடவில்லை. மற்ற வீடுகளில் அடியில் கிடந்ததோடு போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காளியம்மாவுக்கு வீணாக்க மனசு வரவில்லை. ஒரு கோடு தண்ணீர் ஊற்றி, அலசி, அடியில் இருந்ததையெல்லாம் ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

"ஒரு கோடுதான் தங்கச்சி! ஒரே ஒரு கோடு!"

இருளாயி மூன்றாவது கதவுக்குப் போனாள். அங்கே பாப்பா என்கிற பால்வெட்டுக்காரி நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே மருந்துதான். காய்ச்சல் மூன்றே நாளில் விட்டுவிட்டது. எப்படிக் குடித்தாள் என்று கேட்டதற்கு, அடுப்பருகே இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து மோர் கலக்குகிற மாதிரி கடகடவென்று குலுக்கிக் காட்டினாள். "பொடி மருந்தக் குலுக்காம எவளாச்சும் குடிப்பாளா? நான் குலுக்குனேன், என் பக்கத்து ரெண்டு வீட்டுக்கும் சொன்னேன். மத்தவங்க கேக்கல."

மூன்று சுத்தமான போத்தல்கள் எங்கிருந்து வந்தன என்பது இருளாயிக்குத் தெரிந்துபோனது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். பத்துமலை மாட்டை ஓட்டிக்கொண்டே அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "கண்டுபுடிச்சிட்டியா?" என்றான்.

"பாதிதான்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்குமுன்பே அவள் எல்லாவற்றையும் கார்த்திகேசுவிடம் சொன்னாள். அவர் ஒரு மருந்துப் போத்தலை எடுத்து எல்லாப் போத்தலுக்கும் ஒட்டுகிற அச்சு லேபிளின் அடிவரியைத் தொட்டுக் காட்டினார். 'குலுக்கிக் குடிக்கவும்' என்று இங்கிலீஷில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது.

"எழுதிக் கிடக்குது."

"அங்க யாருக்குங்கையா இங்கிலீஸ் படிக்கத் தெரியும்?"

தமிழில் எழுதினாலும் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். போத்தலைத் திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு, "இனிக் குடுக்கேக்க நான் வாயால சொல்லிக் குடுக்கிறன். குலுக்கியும் காட்டுறன்" என்றார்.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். இருளாயி நகரவில்லை.

"ஐயா, கோவிச்சுக்கக்கூடாது. அஞ்சு வருசமா கழுவுறேன். வெள்ளத்துக்கு முன்னால யாரும் குலுக்குனதில்ல. குலுக்க வேண்டிய தேவையும் இல்ல. அடியில ஒண்ணுமே தங்காது, வெயில்ல நீலமா நிக்கும். இப்ப மட்டும் ஏன் தங்குது?"

"சொன்னேனே, புதுத் தூள்..."

"பழைய தூள்ல கொஞ்சம் மிச்சம் இருக்கே, மேல்தட்டு டின்னுல. அதக் கலக்கிப் பாக்கலாமா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் கார்த்திகேசு வெளியே போகச் சொல்லியிருப்பார். கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் டின்னை எடுத்தார். பழைய தூளை நிறுத்து, தண்ணீர் விட்டு, கரைக்கிறதுக்கான திராவகத்தை அளந்து ஊற்றிக் கலக்கினார். குவினைன் தண்ணீரில் தானாகக் கரையாது. நீர்த்த கந்தகத் திராவகம் கொஞ்சம் சேர்ந்தால்தான் கரையும். இருவரும் கண்ணாடிக் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் கலந்த மாதிரி கலங்கலாகவே நின்றது. மெல்ல மெல்ல அடியில் வெள்ளை இறங்கியது.

"தூள் இல்லை" என்றார் கார்த்திகேசு, தனக்குத்தானே சொல்கிற குரலில். திராவகப் போத்தலைத் தூக்கினார். வழக்கம்போல லேபிளை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அவர் கை நின்றது. அது அவரே எழுதின லேபிள். காய்ச்சலோடு, வெள்ளத்துக்குப் பிறகு எழுதியது.

அவர் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். வெள்ளத்துக்கு முன்னால் கீழ்த்தட்டில் இரண்டு திராவகப் போத்தல்கள். ஒன்று தண்ணீர் கலக்காத கடுந்திராவகம், இன்னொன்று அதைப் பத்துப் பங்குக்கு ஒரு பங்காக நீர்த்து, கலக்குவதற்காக வைத்தது. வெள்ளத்துக்குப் பிறகு ஒன்றுதான் மிஞ்சியது. காய்ச்சல் மயக்கத்தில் அதைக் கடுந்திராவகம் என்று நினைத்துப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுப் புதிதாக நீர்த்தார்.

"உடைஞ்சது எது?" என்றார்.

இருளாயி சட்டென்று கிட்ட வந்தாள். "ஐயா, உடஞ்சத அள்ளுன சாக்கு கருகிப்போச்சு. நெருப்பு இல்லாம. தொட்டா உதிர்ந்துச்சு."

கார்த்திகேசு அவளைப் பார்த்தார். "ஏன் எனக்கு அப்ப சொல்லேல்லை?"

"நீங்க காய்ச்சல்ல இருந்தீங்க. பிறகு... மறந்துட்டேன் ஐயா." எல்லாவற்றையும் கேட்கிறவள், கேட்டிருக்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

அவர் திட்டவில்லை. பக்கத்துச் சீனன் காப்பிக்கடையில் ஒரு கை சீனி வாங்கிவரச் சொன்னார். அவரே நடந்துபோய், ஈயமண் வாங்குகிற சீன முதலாளி தவுக்கேயின் கடையிலிருந்து, மண்ணைச் சோதிக்க வைத்திருந்த கடுந்திராவகத்தில் ஒரு மிடறு அளவு கண்ணாடிக் குப்பியில் வாங்கி வந்தார்.

"இது மருந்துக்கு இல்லை. ஈயமண்ணுக்கு எண்டு வைச்சிருக்கிறதை ஆருக்கும் குடிக்கக் குடுக்கக்கூடாது. பார்க்க மட்டுந்தான்" என்றார்.

இரண்டு பீங்கான் தட்டில் சீனியைப் போட்டார். ஒன்றில் தவுக்கேயின் திராவகத்தை ஊற்றினார். சீனி மஞ்சளாகி, பழுப்பாகி, கண் முன்னாலேயே கரியாகப் பொங்கி ஆவி விட்டு எழுந்தது. இருளாயி ஓரடி பின்னால் நகர்ந்தாள், பிறகு இரண்டடி முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். மற்றத் தட்டில், கடுந்திராவகம் என்று தானே லேபிள் ஒட்டி வைத்திருந்த போத்தலிலிருந்து ஊற்றினார். சீனி நனைந்தது. கரைந்தது. வெள்ளையாகவே கிடந்தது.

நீர்த்ததையே திரும்ப நீர்த்திருக்கிறார். ஒரு மாதமாக ஊர் முழுக்கப் போன குவினைனில் பாதி கரையாமலே போயிருக்கிறது.

கலங்கலாக நின்ற குவளையில், தவுக்கேயின் திராவகத்தை நீர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் வெள்ளை விலகியது. கடைசியில் குவளைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பி நேராகத் தெரிந்தது. இருளாயி குவளையை வாங்கி வெயிலில் சாய்த்தாள். விளிம்பில் நீலம்.

"இதக் கீழ கொட்டிடட்டுமா?" என்றாள்.

"கொட்டு." கார்த்திகேசு நாற்காலியில் உட்கார்ந்தார். "இத்தனை வருசமா லேபிளை மூண்டுதரம் படிச்சனான். லேபிளே பிழையெண்டால் முந்நூறுதரம் படிச்சும் என்ன பிரயோசனம்?"

அன்று கடை திறக்கவில்லை. பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்ததில் வெள்ளத்துக்குப் பிறகு அறுபத்து நாலு குவினைன் போத்தல்கள் போயிருந்தன. முப்பத்தொன்று காலியாகத் திரும்பி வந்துவிட்டன. மிச்சம் முப்பத்து மூன்றையும் தேடிப் பிடித்து, மிஞ்சிய போத்தல் திராவகத்தை மேலும் நீர்க்காமல் ஊற்றிக் கலக்கிய புது மருந்தைக் கொடுக்க வேண்டும். டவுனுக்குள் இருந்தவற்றைக் கார்த்திகேசுவும் இருளாயியும் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். குனோங் ராபாட் பக்கம் இருளாயி தனியாகப் போனாள். ஒரு வீட்டில், காசு கொடுத்து வாங்கின மருந்தை ஏன் தர வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். புது மருந்து நாளைக்கே வரும் என்று அவள் சாமி மேல் சத்தியம் செய்தாள். இன்னொரு வீட்டில் போத்தலில் ஊதுவத்தி குத்தி வைத்திருந்தார்கள். இரண்டு போத்தல்கள் எங்கே போயின என்று கடைசிவரை தெரியவே இல்லை. அந்த இரண்டைப் பற்றிக் கார்த்திகேசு வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்.

ஆத்துமேட்டுக்கு அவரே இருளாயியோடு பத்துமலையின் வண்டியில் போனார். அப்போது காளியம்மாவுக்குக் காது திறந்துவிட்டிருந்தது. பார்வையும் தெளிந்து வந்தது. வண்டுச் சத்தம் மட்டும் மெல்ல மிச்சமிருந்தது. லயத்து வாசலில் எல்லாரும் கூடி நிற்க, அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் பிழை விட்டனான். மருந்து சரியாக் கரையேல்லை. இந்த அம்மா கூடக் குடிச்சிட்டா எண்டு சொன்னதும் என்ர பிழைதான். ஒரு கோடுதான் குடிச்சவ."

ஐயாவு தலையைக் குனிந்துகொண்டார். காளியம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "போகட்டும் ஐயா. நீங்க வந்து சொன்னீங்களே" என்றாள். பிறகு இருளாயி பக்கம் திரும்பி, "இவ வந்து கேக்காட்டி நான் அடுத்த போத்தலயும் அலசிக் குடிச்சிருப்பேன்" என்று சிரித்தாள். கூட்டத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு கடையின் முறைகள் மாறின. கார்த்திகேசு லேபிள்களின் மேல் மெழுகு பூசினார். கடுந்திராவகப் போத்தலின் கழுத்தில் முரட்டுக் கயிறு சுற்றினார்கள். இருட்டில் தொட்டாலும் கை அறிந்துகொள்ளும். கலக்குகிற ஒவ்வொரு குவினைனிலும் ஒரு குவளை எடுத்து ஜன்னல் படியில் மறுநாள் காலைவரை வைத்தார்கள். காலையில் இருளாயி அதைப் பார்ப்பாள். அடியில் ஒன்றும் இல்லாமல், வெயிலில் நீலம் தெரிந்தால், பதிவுப் புத்தகத்தில் அந்த வரிக்கு எதிரே ஒரு வட்டம் போடுவாள். வட்டம் இல்லாத மருந்து கடையை விட்டுப் போகாது. எழுதத் தெரியாத அவள் போட்ட வட்டங்கள் கொஞ்சம் கோணலாக இருக்கும். கார்த்திகேசு ஒருநாளும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவளுடைய சந்தேகத்தால் ஒரு நாள் முழுக்க மருந்து தாமதமாகி, வாசலில் ஆட்கள் ஏசியபோதுகூட வட்டம் போடச் சொல்லி அவளை அவசரப்படுத்தியதில்லை.

இருபத்தெட்டாம் வருஷம் சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரர் கடையைப் பார்வையிட வந்தார். நஞ்சு மருந்துகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, தராசு சரியா என்றெல்லாம் பார்த்துவிட்டு, ஜன்னல் படியில் இருந்த குவளைகளுக்கு முன்னால் நின்றார். கார்த்திகேசு இங்கிலீஷில் விளக்கினார். வட்டம் போடுகிறவர் யார் என்று கேட்டபோது, பின்கட்டில் கை நனைந்திருந்த இருளாயியைக் கூப்பிட்டார்.

எப்படிப் பார்ப்பாய் என்று துரை கேட்க, கார்த்திகேசு தமிழில் சொன்னார். இருளாயி குவளையைத் தூக்கி வெயிலில் சாய்த்துக் காட்டினாள். துரை குனிந்து பார்த்தார், அவளுடைய கையைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நாலு வரி எழுதினார்.

"ஐயா, இந்த நீலம் ஏன் வருதுன்னு அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க" என்றாள்.

கார்த்திகேசு தயங்கினார். பிறகு கேட்டார். துரை கொஞ்சம் யோசித்து, தலையை ஆட்டிவிட்டு, சிரித்தார். அவருக்கும் தெரியவில்லை. அவர் நோட்டில் என்ன எழுதினார் என்று இருளாயி அன்று மூன்று தரம் கேட்டாள். கார்த்திகேசுவுக்கும் அது தெரியாது.

அடுத்த வருஷம் குவினைன் வில்லைகளாக வர ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்று, சட்டைப் பொத்தான் அளவு, அழுத்திச் செய்தவை. கலக்க வேண்டாம், கோடு பார்க்க வேண்டாம், குலுக்க வேண்டாம் என்று கொண்டுவந்த விற்பனை ஆள் சொல்லிக்கொண்டே போனார். கார்த்திகேசு ஒரு டின்னைத் திறந்து ஒரு வில்லையை இருளாயியின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. கல் மாதிரி இருந்தது.

"இது வயித்துக்குள்ள போயி கரையும்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

கார்த்திகேசு அலமாரியிலிருந்து ஒரு குவளையை எடுத்து, உடம்புச் சூட்டுக்குத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி ஊற்றி, வயிற்றுப் புளிப்புக்கு ஈடாக நீர்த்த திராவகம் ஒரு சொட்டு விட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இருளாயி வில்லையைத் தண்ணீருக்குள் விட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்தது. மூன்று பேரும் தலையைக் கிட்ட வைத்துக்கொண்டு குனிந்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து ஒரே ஒரு குமிழி மேலே வந்தது.